ஒத்திகைக் கட்டில்

மரணத்தைப் பற்றி மனம் திறந்து பேசுவதற்கான மன்றம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை. ஆகவே மரணத்துக்குப் பக்கத்தில் இருந்த யாராலும் அங்கே வர முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அறுபத்தாறு படியை ஒரே மூச்சில் ஏறக்கூடிய திடகாத்திரமானவர்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு ஏறி வந்து, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்து, தங்கள் சாவைப் பற்றிப் பேசிவிட்டு அதே வேகத்தில் இறங்கிப் போவார்கள்.

லிப்ட் மெக்கானிக் அங்கே போனது பேசுவதற்கு அல்ல, ஒரு கட்டிலுக்காக.

அவனுடைய மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். இப்போது இதயம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு மாதம் தாங்கலாம், தலைமாடு உயரமாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நாலு தலையணையும் அதற்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியும் வைத்து அவரைச் சாய்த்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். மெக்கானிக்கும் அவன் மனைவியும் ஆளுக்கு ஒரு அக்குளைப் பிடித்து மறுபடி மேலே ஏற்றுவார்கள். சறுக்கி வந்தால் மூச்சு போவது மட்டுமில்லை, ஜன்னலும் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோடு. போகிற வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை.

சாவைப் பற்றி அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. பால்காரரிடம், "அடுத்த மாசத்திலிருந்து அரை லிட்டர் குறைச்சுக்கப்பா, நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு பாலைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்தான் மன்றத்தைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கைப்பிடியைச் சுழற்றினால் தலைமாடு உயரும் கட்டில் நாலு இருந்தது, நாலும் வெளியே போயிருக்கிறது, திரும்பி வர ரெண்டு மாதமாகும் என்றாள். மன்றத்தில் ஒன்று இருக்கிறதாம். யாரோ ஒரு நல்ல மனுஷர், சாகிற நிலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று தானமாகக் கொடுத்தது. கேட்டுப் பாருங்கள் என்றவள், அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம், நீங்களே போய்ப் பாருங்கள் என்று முடித்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை மன்றத்தின் வாசலில் செயலாளர் அம்மையார் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு படிவம் கொடுத்தார். 'மரணத்தோடு உங்கள் தற்போதைய உறவு: அறிமுகமில்லை, முகப்பழக்கம், நட்பு, நெருங்கிய நட்பு' என்று நாலு கட்டம் போட்டிருந்தது. எதில் டிக் போடுவது என்று தெரியாமல் மெக்கானிக் ஓரத்தில் 'மாமனார் வழி' என்று எழுதிக் கொடுத்தான்.

உள்ளே நுழைந்ததும் கட்டில் தெரிந்தது. கூடத்தின் நட்டநடுவில், வெள்ளை விரிப்போடு, நாலு சக்கரத்தோடு, சுற்றிலும் கயிறு கட்டி நின்றது. 'செருப்புடன் படுக்காதீர்' என்று ஒரு அட்டை. மெக்கானிக் குனிந்து கைப்பிடியைப் பார்த்தான். நல்ல சரக்கு. யாரும் சுழற்றியதே இல்லை, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை.

கட்டில் ஒத்திகைக்காக வைக்கப்பட்டிருந்தது. வாரம் ஒரு உறுப்பினர் அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு செத்துப் பார்ப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கவனிப்பார்கள். பத்து நிமிஷம் கழித்துப் படுத்திருப்பவர் "போதும்" என்பார், எழுந்திருப்பார். எல்லோரும் விரல்நுனியால் சத்தமில்லாமல் கைதட்டுவார்கள். ஒத்திகை தொடங்கும் முன் தலைவர் எழுந்து பதினான்காம் விதியை வாசிப்பார். ஒத்திகையில் இருப்பவரை, அவரே 'போதும்' என்று சொல்லும்வரை எவரும், எக்காரணம் கொண்டும், எழுப்பலாகாது. ஒரு தடவை ஒரு உறுப்பினர் ஒத்திகையில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனாராம். யாரோ தட்டி எழுப்பிவிட்டார்கள். தான் ஏறக்குறைய அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்ததாகவும், அநியாயமாகத் திருப்பி அழைக்கப்பட்டதாகவும் அவர் ஏழு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து இந்த விதி.

அன்றைக்குப் படுத்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். மன்றத்தில் அவருக்கு கர்சீப் என்று பெயர். வரும்போதே ரெண்டு கர்சீப் கொண்டுவருவார், அழுவதற்கு ஒன்று, அது நனைந்தால் இன்னொன்று. எழுந்து உட்கார்ந்து, தான் போன பிறகு தன் செருப்பு வாசலில் யாருக்காகவோ காத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததாகச் சொல்லி ரெண்டையும் நனைத்தார். மற்றவர்கள் ஐந்துக்கு நாலரை மார்க் கொடுத்தார்கள்.

அடுத்து பேசுவது புதியவரின் முறை என்றார் செயலாளர். மெக்கானிக் எழுந்தான்.

"என் மாமனார் சாகப்போறாருங்க. தலைமாடு உயர்ற கட்டில் வேணும். இதோ இருக்கு. எடுத்துட்டுப் போகலாமா?"

கூடத்தில் ஒரு சங்கடம் பரவியது. இங்கே அந்தச் சொல்லை அப்படிப் பச்சையாகப் பயன்படுத்துவதில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொன்னார். 'கடத்தல்', 'நிறைவு', 'மலர்தல்' என்று இருபத்திரண்டு சொற்கள் அடங்கிய பட்டியலையும் கையில் கொடுத்தார்.

செயலாளர் அம்மையார் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "தம்பி, நீங்க சொன்னது தகவல். இங்கே நாங்க எதிர்பார்க்கிறது பகிர்வு. தகவல்ல கதவு மூடியிருக்கும். பகிர்வுலதான் திறக்கும்."

ஐந்துக்கு ஒன்றரை போட்டார்கள். அரை மார்க் குரலில் இருந்த நடுக்கத்துக்காம். அது படி ஏறி வந்ததில் வந்த நடுக்கம்.

கூட்டம் முடிந்ததும் மெக்கானிக் தலைவரைப் பிடித்தான். ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். நாற்பத்தொரு தடவை ஒத்திகை செய்தவர் என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒன்பதாம் விதிப்படி மூன்று அமர்வில் நாலு மார்க்குக்கு மேல் எடுக்கும் குடும்பத்துக்குக் கட்டில் கொடுக்கலாம் என்றார். இதுவரை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டான் மெக்கானிக்.

"யோசிச்சுப் பாருங்க," என்றார் தலைவர். "நிஜமாவே கடக்கப்போற ஒருத்தருக்கு இந்தக் கட்டிலைக் கொடுத்தா எத்தனை நாளைக்குப் பிரயோசனம்? ஒரு மாசம். அதுவும் ஒரே ஆளுக்கு. இங்கே இருந்தா வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு பேர் படுக்கிறாங்க. ஐம்பத்திரண்டு பேரும் எழுந்திரிச்சு நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க. எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்படி ஒரு கணக்கு உண்டா?"

மெக்கானிக் பேச்சை மாற்றி, கீழே சாமான் ஏற்றுகிற பெரிய லிப்ட் ஒன்று கிடக்கிறதே, வேண்டுமானால் பார்த்துக் கொடுக்கட்டுமா, அது என் தொழில்தான் என்றான். அந்தக் கட்டடம் முன்பு மரச்சாமான் கடையின் கிடங்காக இருந்தது. பீரோவை நிற்க வைத்தே ஏற்றுகிற அளவுக்கு லிப்ட்.

தலைவர் அவசரமாக வேண்டாம் என்றார். படி ஏறும்போதுதான் உடம்பு நிலையில்லாதது என்ற உணர்வு வருகிறதாம். தவிர, லிப்ட் சம்பந்தமாக ஒரு துணைக்குழு இருக்கிறது. ரெண்டு வருஷமாக மனம் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் மனைவி, "கொஞ்சம் அழுதுட்டுத்தான் வாங்களேன், என்ன குறைஞ்சுபோச்சு?" என்றாள். அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அப்பாவுக்காக லீவு போட்டிருந்தாள். சறுக்கிய அப்பாவை ஏற்றி ஏற்றி அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

ரெண்டாவது சனிக்கிழமை மெக்கானிக் அழத்தான் போனான். வராமல் போய்விட்டது. மனதை உலுக்கிய சம்பவம் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். எட்டாவது மாடியில் ஒரு தடவை லிப்ட் கயிறு இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்ததையும், உள்ளே ஒரு பெண் அது தெரியாமலே பாட்டுப் பாடிக்கொண்டு நின்றதையும் சொன்னான். கூடம் அசந்துபோய்விட்டது. கர்சீப் முதல் கர்சீப்பை எடுத்துவிட்டார். அந்தக் கயிறு எதைக் குறிக்கிறது என்று செயலாளர் மெல்லிய குரலில் கேட்டார்.

"எஃகுக் கயிறுங்க. பதிமூணு மில்லிமீட்டர்."

மூன்றரையில் நின்ற மார்க் ரெண்டுக்கு இறங்கியது.

இனி அமர்வால் ஆகாது, நேரில் வந்து பார்த்து மதிப்பிடுகிறோம் என்று முடிவு செய்தார்கள். புதன்கிழமை காலை தலைவர், செயலாளர், கர்சீப் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் தலையணை மலையில் சாய்ந்து, பஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உட்காருங்க. நான் சாகப்போறேன், சொன்னாங்களா?"

அந்த இடத்துக்கு மெதுவாக வருவோம், முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு வரவேற்பு மூச்சு எடுப்போம் என்றார் செயலாளர்.

"மெதுவா வர எனக்கு நேரம் இல்லையேம்மா. மூச்சும் அவ்வளவா கைவசம் இல்லை."

தலைவர் கேள்வித்தாளை விரித்தார். மரணம் என்றதும் மனதில் முதலில் தோன்றும் நிறம் எது என்பது முதல் கேள்வி. மாமனார் உண்மையாகவே யோசித்தார்.

"நிறம் ஒண்ணும் தோணலை. ஒண்ணுக்கு வருது. மாப்பிள்ளை, அந்த டப்பாவை எடுங்க."

மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்ததும் மாமனார் தெம்பாகிவிட்டார். இனி தன் முறை என்று நினைத்துக்கொண்டார் போல.

"உங்களுக்கு என்ன வயசு?" என்று தலைவரைக் கேட்டார்.

"அறுபத்தெட்டு."

"எப்ப போறதா இருக்கீங்க?"

தலைவரின் பேனா நின்றது. "நாங்க... அப்படித் தேதி வெச்சுப் பேசறதில்லை."

"அதெப்படிங்க? வண்டி கிளம்பும்னு ஒத்துக்கிறீங்க. நேரம் மட்டும் கேக்கக் கூடாதா?" மாமனார் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "உங்க கணுக்கால் வீங்கியிருக்கே. சாக்ஸ் தடம் பதிஞ்சிருக்கு பாருங்க. எனக்கும் அங்கதான் ஆரம்பிச்சுது. படி ஏறினா மூச்சு வாங்குதா?"

நாற்பத்தொரு தடவை செத்துப் பார்த்த தலைவர் பேண்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். இன்னொரு கூட்டம் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது என்றார். போகிற வேகத்தில் மன்றத்தின் விதிப் புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அறிக்கை வந்தது. 'விண்ணப்பதாரரின் மாமனார் மரணத்துக்கு ஆயத்தமற்ற நிலையில் உள்ளார். நெறியாளர் இல்லாமலே பேசுகிறார். இருமுறை சிரித்தார். பட்டியலில் இல்லாத சொற்களைப் பயன்படுத்துகிறார். இவர் அடிப்படை அமர்வில் நேரில் கலந்துகொண்டு ஒரு ஒத்திகையாவது முடித்த பின்னரே கட்டில் பற்றிப் பரிசீலிக்க இயலும்.'

மனைவி அதை ரெண்டு தடவை படித்தாள். "வர்ற சனிக்கிழமை நான் போறேன். மனசைத் திறந்து நாலு வார்த்தை கேக்கறேன். அஞ்சுக்கு அஞ்சு போடுவாங்க" என்றாள்.

மாமனார் அவளைப் பேசவிடவில்லை. மடியில் விதிப் புத்தகம் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் டிப்போ விதிகளோடு குடும்பம் நடத்தியவர், இந்த மாதிரி புத்தகத்தை அவர் நாவல் படிப்பது போலப் படிப்பார். லென்ஸை வைத்துக்கொண்டு காலையிலிருந்து படித்து, பதினான்காம் விதியில் விரலை வைத்திருந்தார். பிறகு பதினைந்தையும் படித்தார். ஒத்திகை முடியும்வரை ஒரு பார்வையாளர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பதினைந்து.

"மாப்பிள்ளை," என்றார். "அந்த லிப்டை சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் கருவிப்பையோடு போனான். கட்டடத்துக் காவலாளி சாவியை உடனே கொடுத்தார். ரெண்டு வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறாராம். கேட்டது நீங்கள்தான் முதல் என்றார்.

கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில் கதவு ஓடுகிற கீழ்ப்பள்ளத்தில் காகிதம் திணிந்து கிடந்தது. கதவு முழுதாக மூடவில்லை. மூடாத கதவோடு எந்த லிப்டும் கிளம்பாது, அதன் புத்தி அப்படி. மெக்கானிக் மூக்குக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தான். எல்லாம் மன்றத்தின் துண்டுப்பிரசுரம். 'பயப்படாதீர்கள், வாருங்கள், பேசுவோம்.' பதினேழு பிரதி இருந்தது. அரை மணி நேரம் அதற்கு. மீதி மத்தியானம் பிரேக், கயிறு, எண்ணெய் எல்லாம் பார்த்து, மன்றத்து நாற்காலிகளையே அடுக்கி ஏற்றி இறக்கிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை மன்றத்தின் ஆண்டுவிழா. தலைவர் நாற்பத்திரண்டாவது ஒத்திகை செய்வதாக அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. மைக் வைத்திருந்தார்கள். தலைவர் கயிற்றை அவிழ்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது, ரெண்டு வருஷமாகச் செத்துக்கிடந்த லிப்ட் சுவருக்குள் உறுமிக்கொண்டு மேலே வந்தது. மரணத்தோடு நெருங்கிய நட்பு என்று டிக் போட்டிருந்த நாலு பேர் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். கதவு திறந்தது. நர்ஸ் கொடுத்த சக்கர நாற்காலியில் மாமனார் இருந்தார். பின்னால் மகளும் மருமகனும்.

"நேர்ல வரச் சொல்லி எழுதியிருந்தீங்க," என்றார் மாமனார். பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது. "ஒத்திகை ஒண்ணு முடிக்கணும்னும் போட்டிருந்தீங்க. அதை இப்பவே முடிச்சுடலாமே."

வந்திருந்த விருந்தினர்கள் எதிரில் மறுக்க முடியவில்லை. தவிர, தலைவர் அன்றைக்குப் படுக்க அவ்வளவு ஆசைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மெக்கானிக் மாமனாரைத் தூக்கிப் படுக்க வைத்தான். தலைவர் மைக்கில் பதினான்காம் விதியை வாசித்தார். 'எவரும், எக்காரணம் கொண்டும்' என்ற இடத்தில் மாமனார் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி, அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.

மெக்கானிக் மண்டியிட்டுக் கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தான். சுழற்றினான். தலைமாடு உயர்ந்தது. கூடத்தில் இருந்த பலருக்கும் அந்தக் கட்டில் அப்படி உயரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஏழாவது சுற்றில் மாமனாரின் நெஞ்சு விரிந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு முழு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. மகள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"போதுமா மாமா?" என்றான் மெக்கானிக்.

மாமனார் அவனை ஒரு முறை முறைத்தார். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மாமனார் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷத்தில் விருந்தினர்கள் ஒவ்வொருவராக லிப்டில் இறங்கிப் போனார்கள். தலைவர் இருமிப் பார்த்தார். கர்சீப் ஆறுதலாக, முதல் தடவை என்பதால் திரும்பி வரக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்று விளக்கினார். செயலாளர் அம்மையார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். டீ கொண்டுவந்து, மாமனார் கையில் கோப்பையைக் கொடுத்து, ஊற்றத் தொடங்கினார். பாதி வந்தது. முக்கால் வந்தது. ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். மாமனாரும் அவர் முகத்தைப் பார்த்தார். டீ விளிம்பைத் தாண்டி, சாஸரை நிரப்பி, வெள்ளை விரிப்பில் இறங்கியது. மாமனார் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பிளாஸ்க் காலியான பிறகு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்குக் காவலாளி பூட்ட வந்தார். ஓரத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்குத் தலைவர் கொதித்துப்போனார். "பதினாலாம் விதியை நான்தான் எழுதினேன். அதை நாமே மீறினா இந்த மன்றமே செத்துடும்" என்றார். அந்தச் சொல்லை அந்தக் கூடத்தில் ஒரு நிர்வாகி பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான் எழுந்திரிக்கத்தான் கூடாது. கட்டில் நகரக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை. சக்கரம் வெச்சிருக்கு. கீழ இறங்க லிப்ட் இருக்கு. வீடு நாலு தெரு தள்ளி. பதினைஞ்சாம் விதிக்கு யாராவது ஒருத்தர் கூட வாங்க."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லை.

அப்படித்தான் கட்டில் தெருவில் இறங்கியது. மெக்கானிக் தள்ளினான், மகள் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள், செயலாளர் பக்கத்தில் நடந்தபடி ரெஜிஸ்டரில் குறிப்பு எழுதினார். கர்சீப் பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் வந்து நின்றது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு இருபது வண்டிதானே? ஆறு இருபத்தேழு ஆகுது. என்ன பண்ணிட்டிருந்தே?"

டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு கட்டில், அதில் டைம்கீப்பர். ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து நின்றுவிட்டார். டிராபிக் சார் என்று முனகினார். பஸ்ஸுக்கு முன்னால் கட்டில் போவதுதான் டிராபிக் என்பதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒத்திகை மாமனாரின் அறையில், ஜன்னலோரத்தில் தொடர்ந்தது. மன்றம் பார்வையாளர் பட்டியல் போட்டது. தினம் ஒருவர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்பு எழுதிவிட்டுப் போனார். 'ஒன்பதாம் நாள். மிக இயல்பு.' 'பன்னிரண்டாம் நாள். இருமல் தத்ரூபம்.' வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு தடவைக்கு மேல் வரவில்லை. மூத்திர டப்பாவும், துடைக்கிற துணியும், ராத்திரி முனகலும் அவர்களுடைய பட்டியலில் இல்லாத விஷயங்கள். கர்சீப் மட்டும் மற்றவர்கள் முறைக்கும் சேர்த்து வந்தார். எப்போது கைப்பிடியை ஒரு சுற்று ஏற்ற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று பழகிக்கொண்டார். மகள் பத்து நாளில் முதல் தடவையாகத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினாள். மாமனார் கர்சீப்பை பஸ் நேரங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கர்சீப்தான் பக்கத்தில் இருந்தார். நாலு பத்து வண்டியை இன்னும் காணோமே என்றார் மாமனார். கர்சீப் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் வந்தது. வந்துவிட்டது என்று சொல்லத் திரும்பினார்.

அவர் பாக்கெட்டில் ரெண்டு கர்சீப்பும் உலர்ந்தே கிடந்தன, அங்கே கையே போகவில்லை. மெக்கானிக்கையும் அவன் மனைவியையும் கூப்பிட்டார். அவர்கள் வந்து பார்த்து, அவள் அப்பாவின் கண்ணை மூடின பிறகு, கர்சீப் மண்டியிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏழு சுற்று மெதுவாக இறக்கினார். ரெஜிஸ்டரில் ஒரே வரி எழுதினார். 'நாலு பதினாலு. நாலு நிமிஷம் தாமதம்.'

காரியங்கள் முடிந்த மறுநாள் செயலாளர் அம்மையார் கட்டிலைக் கேட்டு வந்தார். வருத்தம் தெரிவித்துவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"கடைசியா 'போதும்'னு சொன்னாரா?"

மெக்கானிக் பக்கத்தில் நின்ற கர்சீப்பைப் பார்த்தான். கர்சீப் தலையை ஆட்டினார். சொல்லவில்லை.

செயலாளர் நெடுநேரம் யோசித்தார். சொல்லாமல் ஒத்திகையை முடித்ததாக எழுத விதியில் இடமில்லை. முடியாத ஒத்திகையின் கட்டிலைத் திரும்ப எடுக்கவும் இடமில்லை. 'தொடர்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்து, பக்கத்துத் தெருவில் தையல்காரம்மா ஒருத்தி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறாள் என்றாள். மெக்கானிக்கும் கர்சீப்பும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஒரு ஓட்டுநர் வீடு. அங்கிருந்து ஒரு தலைமையாசிரியர். மெக்கானிக் கருவிப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, அடுத்து யார் என்று வரிசையாக எழுதினான். யாரிடமும் மார்க் கேட்கவில்லை. மன்றத்தின் ரெஜிஸ்டரில் இன்னும் மாமனார்தான் படுத்திருக்கிறார். மிக நீண்ட ஒத்திகை என்று ஆண்டறிக்கையில் படத்தோடு போட்டார்கள். கட்டில் இல்லாததால் மற்ற உறுப்பினர்கள் இப்போது மேஜையில் படுக்கிறார்கள்.

லிப்ட் ஓடுவதால் மன்றத்துக்கு வேறு மாதிரி ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். ஊன்றுகோலோடு, குழாயோடு, ஆளைப் பிடித்துக்கொண்டு. வந்து வட்டத்தில் உட்கார்ந்து தகவல் தகவலாகச் சொல்கிறார்கள். இருபத்திரண்டு சொற்களின் பட்டியலை ஒருவர் மருந்து மடிக்கப் பயன்படுத்திவிட்டார்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மெக்கானிக் போயிருந்த ஒரு நாள், அவன் உள்ளே நின்றிருந்த லிப்டில் தலைவர் தனியாக வந்து ஏறினார். இப்போதெல்லாம் அவர் படியில் வருவதில்லை. செருப்பு மாட்டியிருந்தார், சாக்ஸ் இல்லை. கால் செருப்புக்குள் அடங்கவில்லை. ரெண்டாவது மாடி வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நாளா படுத்தா மூச்சு முட்டுது," என்றார். "அந்தக் கட்டில்... உங்க நோட்டுல எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?"

மெக்கானிக் லிப்டை நிறுத்தினான். கருவிப்பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"இது தகவலா சார், பகிர்வா?"

தலைவருக்கு மூச்சு வாங்கியது.

"தகவல்தான்," என்றார்.

மெக்கானிக் எழுதிக்கொண்டான்.